கூண்டில் நின்ற கலைவாணர்

1944ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சென்னை பிராட்வே கொட்டகையிலே ‘ஹரிதாஸ்’ படம் வந்தது. 1945 தீபாவளியும் வந்தது, படம் ஓடிக்கொண்டிருந்தது. 1946 தீபாவளியும் வந்தது, அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது! மூன்று தீபாவளி கண்ட படம் என்று பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். திரையிலே தியாகராஜ பாகவதர் பாடினார், மக்கள் மயங்கினர். திரையிலே என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் தோன்றினர், கொட்டகை குலுங்கியது. விளக்கு ஏற்றப்பட்டதும் வெளியே வந்தவர்கள் என்ன பேசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்? பாடியவரும் சிறையில், சிரிக்க வைத்தவரும் சிறையில், கொலைக் கேஸாம், ஆயுள் தண்டனையாம் என்று பேசிக்கொண்டு நடந்தார்கள். நிழல் கொட்டகையில் காசு குவித்தது. நிஜம் கம்பி எண்ணிற்று.

எப்படி வந்தது இந்த நிலை? யார் சொல்லை நம்பி வந்தது? அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

பேசக் காரணம் உண்டு. மகாராஜபுரத்திலிருந்தும் வத்திராயிருப்பிலிருந்தும் திருவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறும் தோழர்களிலே, ஆண்டாள் கோயில் கோபுரம் பார்க்கப் போகிறவர்களும் உண்டு, கோர்ட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. விருதுநகர் மாவட்டத்துக்கு மாவட்டத் தலைமை நீதிமன்றம் அங்கேதானே இருக்கிறது! சாட்சி சொல்ல ஒருவர், ஜாமீன் நிற்க ஒருவர், தம்பியோ மைத்துனனோ கூண்டில் நிற்பதைக் கண் கலங்கப் பார்க்க ஒருவர். திரும்பி வந்து டீக்கடைப் பெஞ்சிலே உட்கார்ந்ததும் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது: கூட இருந்தவனே சொல்லிவிட்டான், அப்ரூவர் ஆகிவிட்டான், இனிமேல் தப்ப முடியுமா? ஐக்கோர்ட்டுக்கு வருடக்கணக்கில் ஆகிற வேலை, டீக்கடைக்கு அரை கிளாஸ் டீ ஆறுகிற நேரம்!

கூட இருந்தவன் சொன்னால் அது உண்மையாகிவிடுமா? நம் கலைவாணர் வாழ்க்கையை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு விடை சொல்லுவோம்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரி. அன்று அது திருவிதாங்கூர் மன்னர் ஆட்சிக்கு உட்பட்ட பூமி. அங்கே 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், சுடலைமுத்து - இசக்கியம்மாள் என்ற ஏழைத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளை கிருஷ்ணன். படிப்பிலே பிள்ளைக்கு ஆசை இல்லாமல் இல்லை. வீட்டிலே காசு இல்லை. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. டென்னிஸ் ஆடும் கனவான்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்ட கை அது. நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்ற கை அது. தின்பண்டத் தட்டோடு உள்ளே போன பையன் மேடையைப் பார்த்தான். கண் அங்கேயே நின்றுவிட்டது. வில்லுப்பாட்டு அந்த மண்ணின் சொத்து, அது நாவிலே ஏறிக்கொண்டது. பிறகு டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழு. அங்கே ஆடினான், பாடினான், எந்த வேடம் கொடுத்தாலும் ஏற்றான். பையன் கிருஷ்ணன் நடிகர் என். எஸ். கிருஷ்ணன் ஆனார்.

பேசும்படம் வந்தது. 1935இல் ‘மேனகா’, 1936இல் ‘சதி லீலாவதி’. அந்த ‘சதி லீலாவதி’யிலேதான் எம். ஜி. ஆரும் முதன்முதலாகத் திரையில் தலைகாட்டினார். ‘வசந்தசேனா’ படப்பிடிப்புக்காகப் புனாவுக்குப் போன பயணத்திலே திருவரங்கத்து மதுரத்தைச் சந்தித்தார். அந்தப் பயணத்தில் சேர்ந்த ஜோடி, கடைசிவரை பிரியாத ஜோடி. அதன் பின்பு தமிழ்ப் படம் என்றால் கிருஷ்ணன் - மதுரம் இல்லாமல் இல்லை என்ற நிலை. ‘அம்பிகாபதி’, ‘திருநீலகண்டர்’, ‘சிவகவி’ என்று பாகவதர் படங்களிலே பாட்டுக்குப் பாகவதர், சிரிப்புக்கு இவர். அந்தச் சிரிப்பும் வெறும் வயிற்றைக் குலுக்கும் சிரிப்பல்ல. மந்திரம் சொல்லி ஏய்ப்பவன், சாதி சொல்லித் தள்ளி வைப்பவன், வட்டி வாங்கிக் கொழுத்தவன் இவர்களெல்லாம் அந்தச் சிரிப்பைக் கேட்டு நெளிந்தார்கள். ஏழை விழுந்து விழுந்து சிரித்தான், வீட்டுக்குப் போய் யோசித்தான்.

புகழ் உச்சியில் இருந்தபோதுதான் இலட்சுமிகாந்தன் குறுக்கே வந்தார்.

சி. என். இலட்சுமிகாந்தன் பத்திரிகை நடத்தினார். ‘சினிமா தூது’ என்று பெயர். தூது என்றால் நளவெண்பாவிலே வரும் அன்னத்தின் தூது அல்ல. எந்த நடிகை யாரோடு போனாள், எந்த நடிகன் எந்த வீட்டுக் கதவைத் தட்டினான் என்று வீடு வீடாக எட்டிப் பார்த்துச் சேற்றை வாரி அச்சுக் கோத்து விற்கும் தூது. அச்சு ஏறிய ஊர்வம்புக்கு ஆள் கூட்டம் சேரும், அதைத் தாங்கமுடியாமல் தவிப்பவர்களும் சேருவார்கள். படத்துறையினர் என்ன செய்தார்கள்? கத்தி எடுத்தார்களா? காகிதம் எடுத்தார்கள்! கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். கிருஷ்ணனும் பாகவதரும் அதிலே முன்நின்றவர்கள். பத்திரிகையின் அனுமதி போயிற்று. இலட்சுமிகாந்தன் ஓய்ந்தாரா? ‘இந்து நேசன்’ என்ற வேறொரு பத்திரிகையைப் பிடித்தார். பழைய கதை தொடர்ந்தது.

1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டு ரிக்ஷாவிலே திரும்பிக்கொண்டிருந்த இலட்சுமிகாந்தனைச் சிலர் வழிமறித்துக் குத்தினார்கள். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியிலே அவர் உயிர் பிரிந்தது.

அவர் எழுதியது எப்படிப்பட்ட எழுத்தாக இருந்தால் என்ன, கொலை கொலைதான். அழுக்கு எழுத்துக்குக் கத்தி விடை அல்ல. இலட்சுமிகாந்தனும் ஒரு மனிதர். அவரைக் குத்தியவன் யார், குத்தச் சொன்னவன் யார் என்று கண்டுபிடிக்கவேண்டியது சர்க்காரின் கடமை. அதை நாம் ஒரு நாளும் மறுக்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரிலே பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். கோவைப் படமுதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார். குத்தியவர்களோடு நின்றார்கள் என்று இவர்கள்மீது குற்றச்சாட்டா? இல்லை. சதி! கொல்லச் சொல்லிச் சதி செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

இந்தச் சதி என்ற சொல்லை நிதானமாகப் பார்க்கவேண்டும், தோழர்களே. குத்து என்றால் காயம் இருக்கும், கத்தி இருக்கும், ரத்தக் கறை இருக்கும், கண்டவன் இருப்பான். சதிக்கு என்ன இருக்கும்? நாலு சுவருக்குள்ளே நாலு பேர் பேசிய பேச்சு. அதைக் காற்று கொண்டுபோய்விட்டது. அந்தப் பேச்சை கோர்ட்டிலே யார் கொண்டுவந்து வைப்பது? உள்ளே இருந்தவன் ஒருவன் வாய் திறந்தாலொழிய வழி இல்லை. எனவே போலீஸ் அந்த ஒருவனைத் தேடும். சர்க்கார் அவனுக்கு மன்னிப்புக் கொடுக்கும்: உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு, உன்னை விட்டுவிடுகிறோம். கூண்டிலே நின்றவன் இறங்கிச் சாட்சிப் பெட்டியிலே ஏறிக்கொள்வான். அவனுக்குப் பெயர் அப்ரூவர். இந்த வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டவர்களிலே ஒருவர் அப்ரூவர் ஆனார்.

அப்ரூவரின் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது? சட்டம் இதைப் பற்றிச் சும்மா இருக்கவில்லை. 1872ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதிவைத்த சாட்சியச் சட்டத்திலே இரண்டு இடங்களிலே இதற்கு விடை உண்டு. வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பவை. 133ஆம் பிரிவு சொல்லிற்று: கூட்டாளியும் சாட்சி சொல்லலாம், வேறு ஆதாரம் இல்லாமல் அவன் சொல்லை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது. 114ஆம் பிரிவின் உதாரணம் சொல்லிற்று: முக்கியமான விஷயங்களிலே வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் கூட்டாளி நம்பத் தகாதவன் என்று கோர்ட்டு கொள்ளலாம். ஒரு பிரிவு கதவைத் திறந்துவிட்டது, இன்னொரு பிரிவு வாசலிலே நின்று ஜாக்கிரதை என்று கையைப் பிடித்தது!

ஏன் இந்த ஜாக்கிரதை? கூட்டாளி பொய்யன் என்பதாலா? அவ்வளவு எளிதாக இருந்தால் தொல்லையே இல்லை. பொய்யனைக் குறுக்கு விசாரணையிலே பிடித்துவிடலாம். கூட்டாளியிடம் உள்ள ஆபத்து வேறு. அவன் சொல்லுவதிலே பெரும்பகுதி உண்மை!

இராசபாளையத்துத் தொழிலாளத் தோழர்களுக்குப் புரியும்படி ஒரு கதை கட்டுவோம். ஒரு குடோனிலே இரவில் பஞ்சுப் பொதி திருடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் திருடினார்கள். ஒருவன் அகப்பட்டான், அப்ரூவர் ஆனான். எந்தச் சுவரிலே ஏறினோம் என்கிறான். சுவரிலே காலடி இருக்கிறது. எந்த வண்டியிலே ஏற்றினோம் என்கிறான். வண்டியிலே பஞ்சு ஒட்டியிருக்கிறது. எந்தத் தோப்பிலே ஒளித்தோம் என்கிறான். தோண்டினால் பொதி இருக்கிறது. அடடா, எவ்வளவு சரியாகச் சொல்லுகிறான் என்று எல்லோரும் வாய் பிளக்கிறார்கள். கடைசியிலே ஒரு வார்த்தை சேர்க்கிறான்: எங்களை ஏவிவிட்டவர் சங்கத்துச் செயலாளர். அவ்வளவுதான். சங்கத்துச் செயலாளருக்கும் முதலாளிக்கும் போனஸ் விஷயத்திலே தகராறு உண்டு என்பது ஊருக்கே தெரியும். காரணமும் கிடைத்துவிட்டது!

இப்போது சொல்லுங்கள். காலடி யாரைக் காட்டுகிறது? திருடியவனை. வண்டி யாரைக் காட்டுகிறது? திருடியவனை. பொதி யாரைக் காட்டுகிறது? திருடியவனை. செயலாளரைக் காட்டுவது எது? அப்ரூவரின் நாக்கு, அது மட்டும். தான் செய்ததை எல்லாம் உண்மையாகச் சொல்ல அவனால் முடியும், செய்தவன் அவன்தானே. அந்த உண்மைகளுக்கு நடுவே ஒரு பெயரைச் செருகினால், பாலிலே கலந்த தண்ணீரைப் போல அதுவும் பாலாகவே தெரியும். தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேறொரு கழுத்தைக் காட்டவேண்டிய நிலையிலே நிற்பவன் அவன். எந்தக் கழுத்தைக் காட்டினால் கேட்பவருக்கு மகிழ்ச்சி என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஆகவேதான் 1916இல் இங்கிலாந்திலே பாஸ்கர்வில் என்பவரின் வழக்கிலே ஓர் அளவுகோல் வகுத்தார்கள். கூட்டாளியின் சொல்லுக்குத் துணை நிற்கும் ஆதாரம், குற்றம் நடந்தது என்பதைக் காட்டினால் போதாது. கூண்டிலே நிற்கும் இந்த ஆளைக் குற்றத்தோடு முடிச்சுப் போட்டுக் காட்டவேண்டும். அந்த ஆதாரமும் வேறு இடத்திலிருந்து வரவேண்டும். ஒரு கூட்டாளிக்கு இன்னொரு கூட்டாளி துணைச்சாட்சி ஆகமுடியாது என்பதும் இதனோடு சேர்ந்த நியாயம். 1949இல் பிரிவி கவுன்சில் ஓர் இந்திய வழக்கிலே அதை அழுத்தமாகச் சொன்னது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கிருஷ்ணனைப் பாருங்கள். அவருக்கு இலட்சுமிகாந்தன்மீது கோபம் இருந்தது என்றது அரசுத் தரப்பு. இருந்தது, யார் இல்லை என்றார்? கோபம் இருந்ததற்கு அத்தாட்சி கவர்னர் கையிலே கொடுத்த மனு. சட்டப்படி போய் முறையிட்டவனுக்கு அந்த முறையீடே கொலைக்கு நோக்கமாகத் திரும்பிவந்து நிற்கிறது! மனுக் கொடுக்காமல் மனதுக்குள் கறுவிக்கொண்டு இருந்தவன் எவனோ அவனை யாரும் கேட்கவில்லை. அப்படியே கோபம் இருந்ததென்றாலும், கோபம் சதி ஆகிவிடுமா? இலட்சுமிகாந்தன்மீது கோபப்பட்டவர்களை எல்லாம் பிடித்தால் கோடம்பாக்கத்துக்கே பூட்டுப் போடவேண்டியிருந்திருக்கும்.

சென்னை ஐக்கோர்ட்டின் செஷன்ஸிலே நீதிபதி மாக்கெட் முன்னிலையில் விசாரணை நடந்தது. அப்போது ஜூரி முறை உண்டு. ஒன்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். ஒன்பது பேரும் ஒரே குரலில் சொல்லவேண்டும் என்பதில்லை. ஆறு பேர் ஒரு பக்கம் சேர்ந்து நீதிபதியும் ஒப்புக்கொண்டால் போதும், ஆள் உள்ளே. 1945 மே 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. நாடு திடுக்கிட்டது என்று சொன்னால் குறைவு. கிராமபோன் ரிக்கார்டு இருந்த வீடுகளிலெல்லாம் சாவு விழுந்ததுபோல் இருந்ததாகப் பழைய தலைமுறை சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அப்பீல்? இங்கே ஒரு செய்தியைத் தோழர்கள் கவனிக்கவேண்டும். வெளியூர் செஷன்ஸ் கோர்ட்டிலே தண்டனை பெற்றவன் ஐக்கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். ஆனால் சென்னைப் பட்டணத்திலே ஐக்கோர்ட்டு தானே செஷன்ஸ் நடத்தித் தண்டித்தால் அதற்குமேல் சாதாரணமாக அப்பீல் கிடையாது என்ற நிலை வெகுநாள் இருந்தது. 1943ஆம் ஆண்டுதான் குற்ற விசாரணைச் சட்டத்திலே 411-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து அந்த வழியைத் திறந்தார்கள். கொலை நடந்தது 1944இல். கொஞ்சம் முந்தி நடந்திருந்தால் கலைவாணர் கதை அந்த மே மாதத்தோடு முடிந்திருக்கும்!

வழி திறந்திருந்தது, போனார்கள். அதே ஆண்டில் ஐக்கோர்ட்டு அப்பீலைத் தள்ளிவிட்டது. இனி என்ன? இலண்டன்! கடல் கடந்து பிரிவி கவுன்சில் வாசலைத் தட்டினார்கள். பாடிச் சம்பாதித்ததும் சிரிக்க வைத்துச் சம்பாதித்ததும் வக்கீல் கட்டணமாகக் கரைந்தது. பிரிவி கவுன்சில் விடுதலை என்று சொல்லிவிடவில்லை. ஐக்கோர்ட்டு அந்த அப்பீலை மறுபடி கேட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று திருப்பி அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பலும் சகாபுதீனும் மறுபடி கேட்டார்கள். வி. எல். எத்திராஜ் வாதாடினார். வழக்கு அதே வழக்கு. சாட்சிகள் சொன்ன சொற்கள் அதே சொற்கள். தராசு மட்டும் வேறு கையில்! 1947 ஏப்ரல் 25ஆம் நாள் இருவரும் குற்றவாளிகள் அல்லர் என்று விடுதலையானார்கள்.

கைதுக்கும் விடுதலைக்கும் நடுவே இரண்டு ஆண்டு நான்கு மாதம். முப்பத்தாறு வயதிலே உள்ளே போன நடிகனுக்கு அது எத்தனை படம், எத்தனை மேடை! இலண்டன் போக வசதியுள்ளவர்களுக்கே இந்தக் கதி. அதே அப்ரூவர் முறையிலே அதே காலத்தில் சிக்கிய கைத்தறிக்காரனும் கூலிக்காரனும் எத்தனை பேர், எந்தச் சிறையிலே முடிந்தார்கள்? அவர்களுக்கு எத்திராஜ் ஏது, இலண்டன் ஏது?

இலட்சுமிகாந்தன் பக்கத்திலிருந்தும் பாருங்கள். அவரைக் கொல்ல ஏவியது யார்? இன்றுவரை விடை இல்லை. பெயர் பெற்ற இருவரைக் கூண்டிலே ஏற்றிவிட்ட திருப்தியிலே மற்றத் தடங்கள் எல்லாம் ஆறிப்போயின. கூட்டாளியின் நாக்கைச் சரியாக நிறுக்காமல் விட்டால், குற்றமற்றவன் கெடுவது ஒரு பாதி. குத்தியவனை ஏவியவன் ஊரிலே நிம்மதியாக உலாவுவது மறு பாதி.

சிறையிலே கலைவாணர் இருந்தபோது வெளியே என்ன நடந்தது? மதுரம் அம்மையார் மூலையிலே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. நாடக சபையைக் கலைய விடவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமம் தோள் கொடுத்தார். கே. ஆர். இராமசாமி தஞ்சைப் பக்கத்திலே தன் குழுவுக்குக் கிருஷ்ணன் நாடக சபா என்று பெயர் சூட்டினார். ஆயுள் கைதியின் பெயரை நாடகக் குழுவுக்கு வைப்பதற்கு அந்த நாளிலே எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்தக் குழுவுக்காகத்தான் அண்ணா ‘ஓர் இரவு’ எழுதினார், ‘வேலைக்காரி’ எழுதினார். ஒருவர் சிறையிலே அடைபட்டார். அவர் பெயரால் நடந்த மேடையிலே தமிழ் நாடகத்தின் போக்கே திரும்பியது. ‘பைத்தியக்காரன்’ என்ற படத்தையும் அம்மையார் தரப்பினர் தொடங்கினார்கள். படம் முடிவதற்குள் விடுதலை வந்தது. கலைவாணர் நேரே வந்து அதிலே நடித்தார். 1947இலேயே படம் வெளிவந்தது.

அதே ஆண்டு பம்மல் சம்பந்தனார் கையாலே ‘கலைவாணர்’ பட்டம் கிடைத்தது. ஆயுள் தண்டனை பெற்று மீண்டவருக்கு, தமிழ் நாடகத்தின் முதுபெரும் தலைவர் அதுவும் ஒரு வக்கீல், நீதிபதியாகவும் இருந்தவர் பட்டம் சூட்டுகிறார். ஊர் அவரை முழுமையாக விடுவித்தது அன்றுதான் என்று நமக்குத் தோன்றும். பாகவதருக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போயிற்று. அதே தீர்ப்பு, அதே விடுதலை. ஆனால் பழைய புகழ் திரும்பவில்லை, புதிய படங்கள் ஓடவில்லை, 1959 நவம்பரில் மறைந்தார். அந்தக் குரலைக் கோர்ட்டு திருப்பிக் கொடுத்தது, காலம் திருப்பிக் கொடுக்கவில்லை.

கலைவாணரோ சிறைக்கு முன்பைவிடக் கூர்மையாக வந்தார். 1949இல் அண்ணாவின் எழுத்திலே ‘நல்லதம்பி’. அதிலே வரும் ‘கிந்தனார்’ காலட்சேபத்தை மறக்க முடியுமா! நந்தனார் கோயில் வாசலைத் தேடிப் போனார்; கலைவாணரின் கிந்தனார் பள்ளிக்கூடத்து வாசலைத் தேடிப் போனார். இரண்டு மணி நேரச் சொற்பொழிவு செய்யமுடியாததை அந்தச் சில நிமிடப் பாட்டும் பேச்சும் செய்தன. 1951இல் ‘மணமகள்’, 1952இல் ‘பணம்’. இரண்டுக்கும் எழுத்து கலைஞர், இயக்கம் கலைவாணர். 1951இல் சோவியத் நாடு சென்று வந்தார். கையிலே வந்ததை எல்லாம் கேட்டவருக்கும் கேளாதவருக்கும் கொடுத்தார். காந்தியார் மறைவுக்குப் பின் தம் சொந்தச் செலவிலே நாகர்கோவிலில் நினைவுத் தூண் எழுப்பியவரும் அவரே. அண்ணாவுக்கு மேடை ஏறியவரும் அவரே.

அந்த மேடை 1957ஆம் ஆண்டுத் தேர்தல் மேடை. காஞ்சிபுரத்திலே அண்ணா நிற்கிறார். எதிரே நிற்பவர் ஊரிலே நல்ல பெயரெடுத்த டாக்டர். கலைவாணர் பேச எழுந்தார், டாக்டரைப் புகழத் தொடங்கினார். அவர் கைராசி என்ன, குணம் என்ன, நடுராத்திரியிலே கூப்பிட்டாலும் வருவது என்ன என்று அடுக்கிக்கொண்டே போனார். கூட்டம் விழித்தது. நம் ஆள் எதிராளிக்குச் சாட்சி சொல்ல வந்துவிட்டாரே என்று தொண்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். முடிக்கும்போதுதான் முடிச்சை அவிழ்த்தார்: இப்பேர்ப்பட்ட டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டு நோய் வந்தால் என்ன செய்வீர்கள், அவரை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணாவைச் சட்டசபைக்கு அனுப்புங்கள் என்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அண்ணா வென்றார். அந்தத் தேர்தலிலேதான் கழகம் முதன்முதலாகச் சட்டசபைக்குள் நுழைந்தது.

அதே 1957 ஏப்ரலிலே டில்லியிலே உச்சநீதிமன்றம், சர்வன் சிங் என்பவரின் வழக்கிலே அப்ரூவர் சாட்சிக்கு இரட்டைச் சோதனை விதித்தது. முதலிலே இவன் நம்பத்தக்க சாட்சிதானா என்று பார். தேறாவிட்டால் அங்கேயே நிறுத்து. தேறினால், அதன் பிறகு வேறு ஆதாரம் அவன் சொல்லுக்குப் போதுமான துணை நிற்கிறதா என்று பார். இரண்டிலும் தேறினால்தான் தண்டனை. கலைவாணர் அந்தத் தீர்ப்பைப் படித்தாரோ இல்லையோ, அதற்கு நான்கு மாதத்திலே, ஆகஸ்டு 30ஆம் நாள், சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியிலே கண் மூடினார். வயது நாற்பத்தெட்டு.

2024 ஜூலை 1ஆம் நாள் முதல் 1872ஆம் ஆண்டுச் சட்டம் போய்ப் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய 133ஆம் பிரிவின் இடத்திலே இப்போது 138ஆம் பிரிவு. பெயரை இந்தியிலே வைத்து நம் நாக்கைச் சுளுக்க வைத்த சட்டம்தான். அதைப் பற்றிச் சொல்லவேண்டியதை வேறொரு நாள் சொல்லுவோம். ஆனால் இந்த ஒரு பிரிவிலே சொல் மாறியிருக்கிறது. துணை ஆதாரம் இல்லாத கூட்டாளி சொல்லின்மேல் தண்டித்தாலும் சட்டவிரோதம் அல்ல என்று இருந்தது, துணை ஆதாரம் உள்ள கூட்டாளி சொல்லின்மேல் தண்டித்தால் சட்டவிரோதம் அல்ல என்று ஆகியிருக்கிறது. நீதிபதிகள் பல்லாண்டு காலம் பழக்கத்தால் பிடித்துவந்த ஜாக்கிரதை சட்டத்தின் எழுத்திலேயே ஏறியிருக்கிறது. திருவில்லிபுத்தூர் கோர்ட்டிலே உறவினர் வழக்குக்காக நிற்கும் தோழர் யாராயிருந்தாலும், வக்கீலிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடட்டும்: அப்ரூவர் சொல்லுக்கு வெளியே, என் ஆளைத் தொட்டுக் காட்டும் ஆதாரம் எது? சுவரிலே உள்ள காலடி வேண்டாம், தோப்பிலே கிடைத்த பொதி வேண்டாம். என் ஆளைத் தொட்டுக் காட்டுவது எது?

1969 ஜனவரியிலே சென்னை தியாகராய நகரில் கலைவாணர் சிலையைத் திறந்துவைக்க அண்ணா வந்தார். அப்போது அவர் முதலமைச்சர். உடலை நோய் தின்றுகொண்டிருந்தது. அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுதான். பிப்ரவரி 3ஆம் நாள் அவரும் போய்விட்டார். சிலை நிற்கிறது. சேப்பாக்கத்திலே அவர் பெயரால் கலைவாணர் அரங்கமும் நிற்கிறது. கொரோனா காலத்திலே சட்டசபை கூடி நாட்டுக்குச் சட்டம் இயற்றியதும் அந்த அரங்கத்திலேதான்.